திரியெஸ்தேவுக்கு இரண்டு பேர்

1

அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரன் நெகோவான், அவன் மனைவி தெசன்கா, நெகோவானின் அண்ணன் வுகாடின், வுகாடினின் மனைவி ஸாகோர்கா, இவர்களோடு கும் ஒப்ராத். நெகோவானின் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவர் ஒப்ராத். அப்படி நிற்பவரைத்தான் கும் என்போம். அந்த வீட்டில் பிறக்கும் பிள்ளையை ஞானஸ்நானத்தின்போது ஏந்திப் பெயர் வைக்கும் உரிமையும் அவருக்கே. எங்களிடையே அது ரத்த உறவுக்கும் ஒரு படி மேல்.

ஆறாவது ஆள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் அடுக்களையில் நின்று கேட்டாள் என்பதெல்லாம் இட்டுக்கட்டு.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ஊர் வால்யெவோவில் எங்கள் வீட்டைப் பற்றி ஒரு பேச்சு நடமாடுகிறது. ரொட்டிக்கடையில் நான் நுழைந்தால் நிற்கிறது, நான் வெளியே வந்தால் தொடர்கிறது. அதை அடக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். வுகாடின் என்பது நான். எழுபத்தாறு வயது. நில அளவைப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தேன். ஒரு எல்லைக்கல்லை அரை அடி நகர்த்தி எழுதச் சொல்லி என்னிடம் கேட்க ஒருவருக்கும் துணிவு வந்ததில்லை. கதைக்குள் என்னை 'அவர்' என்றே எழுதுவேன். தன்னைப் பற்றித் தானே பேசுகிறவன் ஒன்று தனக்கு வக்காலத்து வாங்குவான், இல்லையென்றால் அழுவான். எங்கள் வீட்டில் இரண்டும் வழக்கமில்லை.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"அக்டோபர் மாதத்தில் ஒருநாள், தேதியைச் சரியாகப் பார்க்காமல், தெசன்கா பயணத்துக்கு முன்பணம் கட்டிவிட்டாள்."

நல்ல வாக்கியம். யார் மேலும் குற்றமில்லை. ஆனால் இந்த ஊரில் எவரும் அதை நம்ப மாட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண் தன் பிறந்தநாளை மறப்பாள், கல்யாண நாளை மறப்பாள், புகுந்த வீட்டின் ஸ்லாவாவை மறக்க மாட்டாள். குலத்துக்குக் காவலான புனிதரின் நாள் அது. தகப்பனுக்குப் பின் மகன் அன்றைய மெழுகுவர்த்தியை ஏற்றுவான். எங்களுக்கு அதிதூதர் மிக்கேல், நவம்பர் இருபத்தொன்று. தகப்பன் வீடு நெகோவானுக்கு வந்ததால் விருந்தும் அங்கேதான். அன்றைக்கு யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள், வந்தவர்கள் சாப்பிடாமல் போவதில்லை.

இரண்டாவது வரைவில் நதிமேல் படிந்த மூடுபனியைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ஸாகோர்கா படித்துவிட்டு, "பனி எப்ப விலகும், ஆளுங்க எப்ப வருவாங்க?" என்றாள். தாளைக் கசக்கிப் போட்டேன்.

ஆகவே பேச்சிலிருந்தே தொடங்குகிறேன்.

சூப்புக் கிண்ணங்களை எடுத்து அடுக்கிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, தெசன்கா சொன்னாள்:

"நாங்க ரெண்டு பேரும் திரியெஸ்தே போறோம். நாலு நாள்."

இத்தாலியின் அந்தத் துறைமுகத்துக்கு ஒரு காலத்தில் எங்கள் நாடே ஜீன்ஸ் வாங்கப் பேருந்தேறிப் போனது. ஒப்ராத் சிரித்தார். "இப்பவா? ஜீன்ஸ் வாங்கவா? ஊரே போனப்ப நீயும் போயிருக்கணும். அப்பக் கடையும் இருந்துச்சு, ஒனக்கு இடுப்பும் இருந்துச்சு."

"இடுப்பு இருந்தப்ப ஒங்க எல்லாருக்கும் ஆக்கிப் போட்டுக்கிட்டு இருந்தேன், கும்."

"போய்ட்டு வாடீ," என்றாள் ஸாகோர்கா. "எனக்கு ஒரு காப்பிக் கெட்டில் வாங்கிட்டு வா, அடுப்புல வைக்கிற மாதிரி. எப்பக் கிளம்புறீங்க?"

"நவம்பர் இருபது. இருபத்துமூணு சாயங்காலம் திரும்பிருவோம்."

வுகாடின் தம்பியைப் பார்த்தார். நெகோவான் மேசைவிரிப்பில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை விரல்நுனியால் ஒரு கோடாகச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

"இருபத்தொண்ணு என்ன நாள்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும், பெரியத்தான்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சதாலதான்."

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கதை தெசன்காவோடு போக வேண்டும். அவள் மனதுக்குள் புகுந்து எழுத வேண்டும். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. இந்த இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்ன நினைக்கிறாள் என்று நான் ஒரு முறையும் யோசித்ததில்லை. தெரியாத நிலத்துக்கு வரைபடம் போடுவது எங்கள் அலுவலகத்தில் குற்றம். கதையில் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள்.

(எல்லாவற்றையும் நான் கற்பனை செய்யவில்லை. பாதியை தெசன்கா ஸாகோர்காவிடம் சொல்லியிருக்கிறாள். ஸாகோர்கா என்னிடம் கால்வாசி சொன்னாள்.)

பயண அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கணினியைப் பார்த்தபடியே கேள்வி கேட்டாள்.

"பெரியவங்க எத்தன பேரு?"

"ரெண்டு."

"கூட வர்ற கொழந்தைங்க?"

"இல்ல."

அந்தப் பெண் ஒரு சுழியத்தைத் தட்டினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை, பெருமூச்சு விடவில்லை, ஆண்டவன் இருக்கிறான் என்று சொல்லவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "கடலப் பாத்த ரூம் வேணுமா, தெருவப் பாத்த ரூம் போதுமா?"

தெசன்கா அந்த நாற்காலியில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டாள். இது ஸாகோர்கா சொன்னது. அதற்கான காரணத்தை அவள் சொல்லவில்லை, நானும் எழுதப்போவதில்லை.

அன்று மாலை கணவனும் மனைவியும் அடுக்களை மேசையில் ஒரு கோடுபோட்ட தாளை விரித்தார்கள். தெசன்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினாள். இருபது: வந்து சேர்தல், கடலோரம் நடை, மீன். இருபத்திரண்டு: மலைமேல் கோட்டை, பழைய கடைத்தெரு, ஸாகோர்காவுக்குக் கெட்டில். சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், கல் பாவிய தெருவில் இழுக்க முடியாது. நெகோவானுக்குப் பழைய செருப்பே போதும், புதுசு கடிக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் எங்கே பால் கிடைக்கும், எங்கே ஓட விடலாம் என்று யோசிப்பார்கள். இவர்கள் எங்கே உட்காரலாம் என்பதை மட்டும் யோசித்தார்கள்.

"இருபத்தொண்ணுக்கு ஒண்ணும் எழுதலையே?" என்றான் நெகோவான்.

"அன்னைக்கு ஒண்ணும் இல்ல."

"அன்னைக்கு ஒண்ணும் இல்லாம இருந்து நமக்குப் பழக்கமில்லையே, தெசா."

"பழகிக்கலாம்."

4

இரண்டு வாரம் கழித்து வுகாடின் அந்த வீட்டுக்குப் போனார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"ஒவ்வொருத்தன்கிட்டயும் போயி வராதேன்னு சொல்லப்போறியா?" என்றார் தம்பியிடம். "கூப்பிட்டிருந்தாத்தானே வேண்டாம்னு சொல்ல முடியும்? கூப்பிடவே கூப்பிடாதவன்கிட்ட எந்த மொகத்தோட போயிச் சொல்லுவ?"

பதில் தெசன்காவிடமிருந்து வந்தது. "கதவு சாத்தியிருந்தா அவங்களுக்கே தெரிஞ்சிரும்."

"சாவு விழாம எங்க வம்சத்துல அன்னைக்குக் கதவச் சாத்துனதே இல்ல. ஜெர்மன்காரன் ஊருக்குள்ள இருந்தப்பவே எங்க தாத்தா தொறந்து வச்சாரு."

"ஜெர்மன்காரன் வந்தானா?"

"வந்தான். சாப்பிட்டான்."

நெகோவானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவதுபோல மறைத்தான்.

"சாவியக் குடு," என்றார் வுகாடின். "நீங்க போங்க. நானும் ஸாகோர்காவும் வந்து நடத்திக்கிறோம். வர்றவங்ககிட்ட ஒடம்பு சரியில்ல, வைத்தியத்துக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிக்கிறேன்."

"சாவி தர மாட்டேன், பெரியத்தான்."

"நெகோவான்! நம்ம அப்பன் கட்டுன வீட்டுச் சாவி ஒங்கிட்ட இல்லையா? வெக்கமா இல்ல ஒனக்கு?"

"வெக்கம் இருக்கு, அண்ணே," என்றான் நெகோவான். "அது வேற விஷயத்துக்கு."

தெசன்கா அடுப்பின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு பேசினாள். "நவம்பர் பொறந்தா எனக்கு மூணு வாரம் தூக்கம் கெடையாது. இருபத்தேழு ஸ்லாவா தூங்காமச் சமைச்சாச்சு. இந்த வருஷம் அந்த ஒரு நாளு இந்த வீடு சாத்தியிருக்கணும். நீங்க தொறந்து வச்சீங்கன்னா நான் திரியெஸ்தேலேருந்து திரும்பி வர மாட்டேன். அவரு மட்டும் வருவாரு. ரெண்டுல எது வேணும்னு நீங்களே சொல்லுங்க. மூத்தவரு நீங்கதானே?"

வுகாடின் தொப்பியை எடுத்துக்கொண்டு—

[அவர் என்ன பதில் சொன்னார் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவர் கண்ணியமாகப் பேசினார். உண்மையில் ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார்.]

5

போன வருஷத்து ஸ்லாவாவை எழுதாமல் மேலே போக முடியாது.

அன்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாதிரியார் வந்து போயிருந்தார். ஸ்லாவா ரொட்டியை வீட்டுக்காரனும் மூத்தவருமாகப் பிடித்துச் சுழற்றி, சிவப்பு ஒயின் ஊற்றி, பிட்டு, முத்தமிட்டார்கள். பிறகு வுகாடின் கோப்பையை உயர்த்தி, ஒவ்வொரு வருஷமும் சொல்வதைச் சொன்னார்: "இந்த மெழுகுவர்த்திய ஏத்த ஆண்டவன் இந்த வீட்டுக்கு ஒரு கையக் குடுக்கட்டும்!"

(வுகாடினுக்கு இரண்டு பெண்கள். அவர்கள் இப்போது வேறு புனிதர்களின் வீடுகளில் சமைக்கிறார்கள். ஆகவே அந்தக் கையைத் தம்பி வீட்டிலிருந்துதான் அவர் எதிர்பார்க்க முடியும். காரணம் சொல்கிறேன், நியாயம் சொல்லவில்லை.)

ஒப்ராத் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "பைபிள்ல சாராவுக்குத் தொண்ணூறு வயசுல பொறந்துச்சு! நம்ம தெசாவுக்கு இன்னும் முப்பத்தெட்டு வருஷம் இருக்கு. என்ன அவசரம்?"

கூடம் முழுக்கச் சிரித்தது.

~~தெசன்காவும் சிரித்தாள்.~~

~~தெசன்கா சிரிக்கவில்லை.~~

இரண்டையும் அடித்துவிட்டேன். வுகாடின் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. வாசற்படியிலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது: "சார்மா ஆறிப்போகுது. சாப்பிடுங்க." முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய அந்த இறைச்சியை எங்கள் ஊரில் அவளைப் போல யாரும் செய்வதில்லை. எல்லாரும் சாப்பிட்டோம்.

6

நவம்பர் இருபத்தொன்று காலை, ஒன்பது மணியிலிருந்து வுகாடினின் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. முதலில் அழைத்தவர் தையல்காரர். "வுகாடின், ஆழ்ந்த அனுதாபம். யாருன்னு மட்டும் சொல்லு." இரண்டாவதாகப் பேசிய பெண்மணி ஒன்றும் கேட்கவில்லை, அழுதாள்.

வுகாடின் கோட்டை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கு நடந்தார். தோட்டக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கறுப்புக் கரை போட்ட தாள். எங்கள் ஊரில் கதவில் தாள் ஒட்டுவது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். அதில் செத்தவரின் படம் இருக்கும், பெயர் இருக்கும், அடக்கம் எத்தனை மணிக்கு என்று இருக்கும். இந்தத் தாளில் படம் இல்லை, பெயர் இல்லை. தெசன்காவின் கையெழுத்தில் இரண்டு வரி இருந்தது:

*இந்த வீட்டில் துக்கம்.*
*இந்த வருஷம் ஸ்லாவாவுக்கு விருந்தினரை ஏற்பதில்லை.*

தாளின் முன் ஒப்ராத் நின்றிருந்தார். ஒரு கையில் பிராந்திப் புட்டி, ஒரு கையில் தொப்பி. வழுக்கைத் தலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"யாரு, வுகாடின்?"

வுகாடின் தாளை மறுபடி படித்தார்.

"நான் இந்த வீட்டுக் கும். எனக்கு ஏன் சொல்லலை?"

வுகாடின் தாளைக் கிழிக்கத்தான் வந்திருந்தார். கையைக்கூட நீட்டிவிட்டார். ஈரத்தில் ஒரு முனை பெயர்ந்து மடங்கியிருந்தது. அவர் அதைக் கட்டைவிரலால் நீவி மறுபடி ஒட்டவைத்தார். பிறகு சொன்னார்: "வீட்டுக்குப் போ, ஒப்ராத்."

ஊர்ப் பேச்சு அந்த இடத்தில் முளைத்தது. மதியத்துக்குள் யாரும் சாகவில்லை என்று தெரிந்துவிட்டது. இருவரும் பேருந்தில் ஏறியதை யாரோ பார்த்திருந்தார்கள். பெட்டி சிறியது என்பதுவரை தெரிந்தது. அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். பெறாத வயிற்றெரிச்சலில் புனிதரையே வீட்டைவிட்டு வெளியேற்றினாள் என்றார்கள். விருந்துச் செலவுக்குப் பயந்து இத்தாலிக்கு ஓடினார்கள் என்றும் ஒரு கட்சி.

7

இனி எழுதப்போவதை இதற்கு முன் ஏழு முறை தொடங்கி விட்டுவிட்டேன்.

நெகோவானுக்கும் தெசன்காவுக்கும் ஒரு மகன் பிறந்தான். 1997 அக்டோபரில், ஏழாம் மாதத்திலேயே. அவன் தங்கவில்லை. தகப்பன் கல்லறைக்குப் பக்கத்தில் இருட்டும் முன் அண்ணனும் தம்பியும் ஒரு சின்னப் பெட்டியைப் புதைத்தார்கள். சிலுவை இல்லை. பெயர் இல்லாததற்குச் சிலுவையில் என்ன எழுதுவது? கதவில் தாள் ஒட்டவில்லை. நாற்பதாம் நாள் பிரார்த்தனை இல்லை, வருஷ நினைவு இல்லை. இறந்தே பிறந்தது, அதைத் துக்கக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று வுகாடின் ஊருக்குச் சொன்னார். அவர் மூத்தவர்; அவர் சொன்னது நின்றது.

மூன்று வாரம் கழித்து ஸ்லாவா வந்தது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் கதவு சாத்தியிருக்கும். எங்கள் முறை அது. ஆனால் ஊரறிய அந்த வீட்டில் சாவு விழவில்லையே. தகப்பன் போன பிறகு நெகோவான் தன் கையால் நடத்தும் முதல் ஸ்லாவா வேறு. கதவு திறந்தது. முப்பத்தைந்து பேர் வந்தார்கள். தெசன்கா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். பால் நிற்கவில்லை என்பதால் மார்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அதன்மேல் கறுப்பு—

[விட்டுவிடுகிறேன்.]

அன்றுதான் வுகாடின் அந்த வாழ்த்தை முதல்முதலாகச் சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அடுத்த வருஷமும் சொன்னார். பிறகு அது வழக்கமாகிவிட்டது.

இப்போது யோசித்தால், தெசன்கா கதவில் எழுதி ஒட்டியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தாள் இருபத்தேழு வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

8

முடிவு என்னிடம் இல்லை. இருபத்தொன்றாம் தேதி திரியெஸ்தேவில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தாளில் அந்த வரி காலியாக இருந்தது என்பது மட்டும் தெரியும். மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில், அங்குள்ள நம்மவர் கோயிலுக்குப் போகிறார்கள். நெகோவான் ஒரு மெழுகுவர்த்தியை வாங்கி, செத்தவர்களுக்கு ஏற்றும் கீழ்த்தட்டில் வைக்கிறான். பெயர் என்ன என்று கேட்கும் கிழவியிடம் தெசன்கா ஒரு பெயரைச் சொல்கிறாள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதனாலேயே இதை நான் நம்பவில்லை.

இன்னொன்றில், காற்று பலமாக அடிக்கிறது, எங்கும் போக முடியவில்லை. அறையில் உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றிய ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுகிறார்கள். மாலையில் தெசன்கா தூங்குகிறாள். நவம்பரில் அவள் தூங்குவதை நெகோவான் முதல்முறையாகப் பார்க்கிறான்.

மூன்றாவதில் சண்டை. கடலோரத்தில், மனிதர்கள் பார்க்க. "அண்ணன் சொன்னாரு, அண்ணன் சொன்னாரு! நீ என்ன சொன்ன? அன்னைக்கு நீ என்னதான் சொன்ன?" என்று அவள் கேட்கிறாள். இதை எழுதி முடிக்கவில்லை. பதில் எனக்குத் தெரியும் என்பதால்.

வாசிக்கிறவர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். இருவரும் இருபத்துமூன்றாம் தேதி மாலை திரும்பி வந்தார்கள் என்பது மட்டும் உறுதி. ஸாகோர்காவுக்குக் கெட்டில் வந்தது. அவர்கள் வீட்டுக்குப் போனேன். தெசன்கா, "வாங்க பெரியத்தான், உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன். காப்பி கொடுத்தாள். தோட்டக் கதவில் தாள் அப்படியே இருந்தது, மை கரைந்து. அதை யார் எடுப்பது என்று மூவரும் பேசவில்லை. வரும் நவம்பரில் கதவு திறக்குமா என்று கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

எழுதியதை ஸாகோர்காவிடம் கொடுத்தேன். படித்து முடித்துத் தாள்களை மேசையில் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். "எல்லாத்தையும் எழுதிட்டீங்க," என்றாள். "ஊருக்கு நீங்க சொன்னத மட்டும் அப்படியே விட்டுட்டீங்க." பிறகு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஆகவே ஒரு திருத்தம். அந்தப் பிள்ளை இறந்தே பிறந்தது என்று வால்யெவோவில் சொல்கிறார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான். பெயர் வைத்தால் துக்கம் காக்க வேண்டிவரும், துக்கம் காத்தால் கதவைச் சாத்த வேண்டிவரும் என்பதற்காகக் கிளப்பினேன். அது உண்மை அல்ல. அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி காலையில் பிறந்தான். முப்பதாம் தேதி மாலைவரை உயிரோடு இருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து, பெயர் வைக்க வேண்டிய கும் ஒப்ராத்தின் வீடு பத்து நிமிட நடை.